ஒரு காற்புள்ளிக்கு 21 இலட்சம் டொலர்



நிறுத்தற்குறி என்றவுடன் உங்களில் பலருக்குப் பள்ளிக்கூடத்துச் சிவப்புப் பேனாதான் ஞாபகம் வரும். ஒரு முற்றுப்புள்ளியை விட்டதற்காக ஒரு புள்ளியை வெட்டிய ஆசிரியரும் ஞாபகம் வரலாம். "அர்த்தம் விளங்கினால் போதாதா? இந்தச் சின்னக் கோடுகளுக்கும் புள்ளிகளுக்கும் ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்று அப்போது நினைத்திருப்பீர்கள். இன்று வேலைக்கு விண்ணப்பம் எழுதும்போதும், மேலாளருக்கு மின்னஞ்சல் அனுப்பும்போதும் அதே கேள்வி மனதின் ஓரத்தில் இருக்கும்.

அந்தக் கேள்விக்கு ஒரு நேர்மையான பதில் தேவை என்று நினைக்கிறேன். "மரியாதைக்காக", "படித்தவர் மாதிரித் தெரிவதற்காக" போன்ற பதில்கள் எனக்குத் திருப்தி தருவதில்லை. என்னுடைய பதில் இது: கதைக்கும்போது விளங்காததைத் திருப்பிக் கேட்கலாம். எழுதியதை அப்படிக் கேட்க முடியாது. அதிலும் காசு சம்பந்தப்பட்ட எழுத்தில், விளங்காத இடத்துக்கு யாரோ ஒருவர் பணம் கட்டவேண்டி வரும். இதை விளக்குவதற்கு நம்முடைய ரொறன்ரோ நிறுவனம் ஒன்றின் கதையே இருக்கிறது.

கம்பங்களும் ஒரு காற்புள்ளியும்

ரோஜர்ஸ் என்ற பெயரை உங்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. உங்கள் கைபேசிக் கட்டணம் அவர்களிடம் போகலாம். புளூ ஜேஸ் விளையாடும் மைதானத்தின் பெயரிலும் அவர்கள் இருக்கிறார்கள். 2002இல் இந்த நிறுவனம் அலையண்ட் என்ற அத்திலாந்திக் கனடாத் தொலைபேசி நிறுவனத்துடன் 14 பக்க ஒப்பந்தம் ஒன்றைச் செய்தது. நியூ பிரன்ஸ்விக்கில் ஆயிரக்கணக்கான மின்கம்பங்களில் தன் கேபிள் கம்பிகளைக் கட்டுவதற்கு, கம்பம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 9.60 டொலர் என்பது பேச்சு. ரோஜர்ஸின் கணக்குப்படி, குறைந்தது 2007 வரைக்கும் அந்த ஒப்பந்தத்தில் யாரும் கைவைக்க முடியாது.

2005இல் அலையண்ட் ஓராண்டு முன்னறிவித்தல் கொடுத்தது. ஒப்பந்தத்தை முடிக்கப் போகிறோம், கட்டணம் கூடும் என்றது. "ஐந்து ஆண்டு முடியவில்லையே!" என்றது ரோஜர்ஸ். "வசனத்தைத் திரும்ப வாசியுங்கள்" என்றது அலையண்ட்.

அந்த வசனத்தின் அமைப்பைத் தமிழில் சொன்னால் ஏறத்தாழ இப்படி இருக்கும்: இந்த ஒப்பந்தம் ஐந்து ஆண்டுகள் நடைமுறையில் இருக்கும், அதன் பின்னர் ஐந்தைந்து ஆண்டுகளாகத் தொடரும், ஒரு தரப்பு ஓராண்டு முன்னறிவித்தல் கொடுத்து முடித்தாலொழிய.

இரண்டாவது காற்புள்ளியைப் பாருங்கள். கடைசித் துண்டுக்கு முன்னால் நிற்கிறது. அந்தக் காற்புள்ளி இல்லையென்றால், "முடித்தாலொழிய" என்ற நிபந்தனை பக்கத்தில் இருக்கும் நடுத்துண்டை மட்டும் பிடிக்கும். அதாவது முதல் ஐந்து ஆண்டுகள் பத்திரம். பிறகு புதுப்பிக்கும் காலத்தில்தான் முன்னறிவித்தல் கொடுத்து விலகலாம். காற்புள்ளி இருந்தால், அந்த நிபந்தனை தனியாகப் பிரிந்து நின்று முன்னால் வந்த இரண்டு துண்டுகளையும் பிடிக்கும். அப்படியானால் முதல் ஐந்து ஆண்டுகளுக்குள்ளேயே, எந்த நேரமும், ஓராண்டு முன்னறிவித்தலோடு விலகலாம்.

வழக்கு சீ.ஆர்.ரி.சி. எனப்படும் கனடாவின் தொலைத்தொடர்பு ஒழுங்காற்று ஆணையத்திடம் போனது. 2006 யூலை 28 அன்று ஆணையம் அலையண்டின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. காரணம், நிறுத்தற்குறி விதிகளின்படி அந்தக் காற்புள்ளி இருக்கும் இடம். அதனால் தனக்கு ஏற்படும் கூடுதல் செலவு ஏறத்தாழ 21 இலட்சத்து 30 ஆயிரம் டொலர் என்று ரோஜர்ஸ் கணக்குச் சொன்னது. பத்திரிகைகள் இதை "மில்லியன் டொலர் காற்புள்ளி" என்று உலகம் முழுக்க எழுதின.

கதை அதோடு முடியவில்லை. ரோஜர்ஸ் மறுபரிசீலனை கேட்டது. கென்னத் ஆடம்ஸ் என்ற அமெரிக்க ஒப்பந்த எழுத்து நிபுணரைக் கூட்டிவந்தது. அதைவிட முக்கியமாக, அந்த ஒப்பந்தத்தின் மாதிரி வடிவம் பிரெஞ்சிலும் இருப்பதை எடுத்துக் காட்டியது. பிரெஞ்சு வசனத்தில் குழப்பத்துக்கு இடமே இல்லை. முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் விலக முடியாது என்பது அதில் தெளிவாக இருந்தது. 2007 ஓகஸ்டில் ஆணையம் தன் வாசிப்பை மாற்றிக்கொண்டது. ஆங்கில வசனம் இரண்டு விதமாக வாசிக்கக்கூடியது, பிரெஞ்சு வசனம் ஒரே விதமாகத்தான் வாசிக்கக்கூடியது, ஆகவே பிரெஞ்சுக்கே முன்னுரிமை என்றது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் வழக்கமாக "காற்புள்ளியைக் கவனமாகப் போடுங்கள்" என்று முடிப்பார்கள். நான் வேறொன்றைப் பார்க்கிறேன். ஒரு வசனத்தின் முழுப் பாரத்தையும் ஒரு காற்புள்ளியின் தலையில் ஏற்றியதுதான் இங்கே நடந்த தவறு. அந்த வசனத்தை இரண்டாக உடைத்திருந்தால் போதும். "முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் எவரும் விலக முடியாது. அதன் பிறகு ஓராண்டு முன்னறிவித்தலோடு விலகலாம்." இரண்டு முற்றுப்புள்ளிகள் செய்யக்கூடிய வேலை அது.

பால் வண்டிச் சாரதிகள்

ரோஜர்ஸ் கதையில் இருந்த காற்புள்ளிதான் பிரச்சினை. எல்லைக்கு அந்தப் பக்கம், அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில், இல்லாத காற்புள்ளி பிரச்சினை ஆனது.

மெயினில் மேலதிக நேரச் சம்பளம் யாருக்குக் கிடையாது என்று சட்டம் ஒரு பட்டியல் போட்டிருந்தது. கெட்டுப்போகக்கூடிய உணவுப் பொருட்களைப் பதப்படுத்துதல், உறையவைத்தல், உலர்த்துதல், களஞ்சியப்படுத்துதல் என்று போய், கடைசியில் "அனுப்புவதற்காகப் பொதிசெய்தல் அல்லது விநியோகம்" என்று வருகிறது. ஆங்கிலத்தில் அந்த "அல்லது"வுக்கு முன்னால் காற்புள்ளி இல்லை. ஆகவே கேள்வி: இது பொதிசெய்தல், விநியோகம் என்ற இரண்டு வேலைகளா? அல்லது அனுப்புவதற்காகவோ விநியோகத்துக்காகவோ பொதிசெய்தல் என்ற ஒரே வேலையா?

ஓக்ஹேர்ஸ்ட் டெயரி என்ற பால் நிறுவனத்தின் சாரதிகள் பாலை விநியோகித்தார்கள். பொதி செய்யவில்லை. இரண்டு வேலைகள் என்று வாசித்தால் அவர்களுக்கு மேலதிகச் சம்பளம் இல்லை. ஒரே வேலை என்று வாசித்தால் உண்டு. 2017 மார்ச்சில் பொஸ்டனில் உள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம், வசனம் தெளிவில்லாமல் இருப்பதால், தொழிலாளருக்குச் சார்பாகவே வாசிக்க வேண்டும் என்று சொன்னது. 2018இல் நிறுவனம் 50 இலட்சம் அமெரிக்க டொலருக்குச் சமரசம் செய்தது.

மெயின் சட்டமன்றம் என்ன செய்தது தெரியுமா? பட்டியலைத் திருத்தி எழுதியது. காற்புள்ளிகளை எடுத்துவிட்டு ஒவ்வொரு வேலைக்கும் இடையில் அரைப்புள்ளி போட்டது. "விநியோகம்" என்பதை "விநியோகித்தல்" என்று மாற்றியது. இனி யாரும் குழம்ப முடியாது.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த விஷயம், காற்புள்ளியால் நன்மை அடைந்தவர்கள் சாதாரணத் தொழிலாளிகள் என்பது. நம்முடைய பெற்றோரில் எத்தனை பேர் பேக்கரியிலும் தொழிற்சாலையிலும் பாரவண்டியிலும் மேலதிக நேரம் பார்த்து நம்மைப் படிக்கவைத்தவர்கள்! அவர்கள் கையொப்பமிட்ட காகிதங்களில் என்ன எழுதியிருந்தது என்று யார் வாசித்துப் பார்த்தார்கள்?

தமிழில் இந்தப் பிரச்சினை உண்டா?

சிலர் சொல்வார்கள்: "இதெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது. பழைய தமிழில் காற்புள்ளியே இல்லை." உண்மைதான். ஓலைச்சுவடியைப் பார்த்தால் காற்புள்ளி மட்டுமல்ல, சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையில் இடைவெளிகூட இல்லை. மெய்யெழுத்தின் மேல் வரும் புள்ளியைக்கூடப் பெரும்பாலும் போடமாட்டார்கள்.

அப்படியானால் எப்படி வாசித்தார்கள்? இரண்டு காரணங்கள் உண்டு.

முதலாவது, தமிழ் இலக்கணமே நிறைய வேலையைச் செய்துவிடுகிறது. "ரோல்ஸும் வடையும் பற்றிஸும்" என்று சொன்னால், பட்டியல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை அந்த "உம்" காட்டிவிடும். கேள்வி என்றால் "ஆ" வரும்: வந்தாரா? ஐயம் என்றால் "ஓ" வரும்: வந்தாரோ? மெயின் மாநிலத்துச் சட்டத்தைத் தமிழில் எழுதியிருந்தால், "அனுப்புவதற்கோ விநியோகத்துக்கோ பொதிசெய்தல்" என்றோ "அனுப்புவதற்குப் பொதிசெய்தலும் விநியோகித்தலும்" என்றோ எழுதியே ஆகவேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒளிந்து நிற்க இடமில்லை.

இரண்டாவது, ஓலையை யாரும் தனியாக வாசிக்கவில்லை. பக்கத்தில் ஆசிரியர் இருந்தார். எங்கே நிறுத்த வேண்டும், எதை எதோடு சேர்க்க வேண்டும் என்று அவர் குரலால் காட்டினார்.

அச்சு வந்தபோது இந்த நிலைமை மாறியது. புத்தகம் ஆசிரியர் இல்லாத வீடுகளுக்கும் போனது. இங்கேதான் நம் ஊர்க்காரர் ஒருவர் வருகிறார். 1822இல் நல்லூரில் பிறந்த ஆறுமுக நாவலர். 1849இல் சென்னைக்குப் போய் அச்சியந்திரம் வாங்கிவந்தார். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாலபாடம் எழுதினார். 1852இல் பெரியபுராணத்தை வசனநடையில் வெளியிட்டார். தமிழ் உரைநடையில் நிறுத்தற்குறிகளை ஒழுங்காகக் கையாண்ட முன்னோடிகளில் ஒருவராக அவரைச் சொல்கிறார்கள். மிசன் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படித்தவர், பேர்சிவல் பாதிரியாரோடு விவிலிய மொழிபெயர்ப்பில் வேலை செய்தவர், சைவத்துக்காக வாழ்க்கையைக் கொடுத்தவர். அப்படிப்பட்டவரே இந்தக் குறிகளை "அந்நியச் சரக்கு" என்று ஒதுக்கிவிடவில்லை. வாசிக்கிறவருக்கு உதவும் என்றால் எடுத்துக்கொண்டார்.

எனக்கு இது ஒரு நல்ல வரைவிலக்கணமாகப் படுகிறது. நிறுத்தற்குறி என்பது பக்கத்தில் இல்லாத ஆசிரியரின் குரல். நீங்கள் அனுப்பும் மின்னஞ்சலை வாசிப்பவருக்குப் பக்கத்திலும் நீங்கள் இருக்கப் போவதில்லை.

இன்றைய தமிழில் பிரச்சினை இல்லை என்றும் நினைக்காதீர்கள். கொண்டாட்ட மண்டபத்தின் பற்றுச்சீட்டில் இப்படி ஒரு வரி இருப்பதாகக் கற்பனை செய்யுங்கள்:

முற்பணம் திருப்பித் தரப்படமாட்டாது நிகழ்வு இரத்தானால் உடனே அறிவிக்கவும்

முற்றுப்புள்ளியை "தரப்படமாட்டாது" என்பதற்குப் பின்னால் போட்டால், முற்பணம் எந்தக் காலத்திலும் திரும்பி வராது. "இரத்தானால்" என்பதற்குப் பின்னால் போட்டால், நிகழ்வு இரத்தானால் மட்டும்தான் வராது. மண்டபத்தின் பிழையால் திகதி மாறினால் நீங்கள் கேட்கலாம். ரோஜர்ஸ் வழக்கின் அதே பிரச்சினைதான் இது. நடுவில் நிற்கும் நிபந்தனை முன்னால் உள்ளதைப் பிடிக்கிறதா, பின்னால் உள்ளதைப் பிடிக்கிறதா?

வட்ஸ்அப்பில் ஒரு சாப்பாட்டு ஓடரும் பாருங்கள்: "இடியப்பம் 200 ரோல்ஸ் 100 வடை". இது 200 இடியப்பமும் 100 ரோல்ஸும் கொஞ்ச வடையுமா? அல்லது கொஞ்ச இடியப்பமும் 200 ரோல்ஸும் 100 வடையுமா? பிறந்தநாள் விழா அன்று பின்னேரம் ஐந்து மணிக்கு இதைக் கண்டுபிடிப்பது யாருக்கும் நல்லதல்ல.

கைபேசியே திருத்திவிடுமே?

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். எழுத்தைத் திருத்தும் செயலிகள் இருக்கின்றன. செயற்கை நுண்ணறிவு இருக்கிறது. அப்படியிருக்க, நாம் ஏன் இதைப் படிக்க வேண்டும்?

ரோஜர்ஸ் வசனத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். காற்புள்ளியோடும் அது ஒழுங்கான ஆங்கிலம். காற்புள்ளி இல்லாமலும் அது ஒழுங்கான ஆங்கிலம். இரண்டிலும் பிழை இல்லை. பொருள்தான் வேறு. இரண்டில் எது சரி என்பது, இரண்டு தரப்பும் மேசையில் இருந்து என்ன பேசினார்கள் என்பதைப் பொறுத்தது. அந்தப் பேச்சில் உங்கள் கைபேசி இருக்கவில்லை. பிழையைக் கண்டுபிடிக்க இயந்திரத்தைக் கேளுங்கள், தவறில்லை. நீங்கள் என்ன சொல்ல நினைத்தீர்கள் என்பதை அது தீர்மானிக்க விடாதீர்கள்.

எது முக்கியம், எது முக்கியம் இல்லை

இந்த இடத்தில் நான் இலக்கணப் பொலிஸ்காரர்களோடு கொஞ்சம் முரண்படுகிறேன். எல்லாப் பிழைகளும் ஒன்றல்ல. பொருளை மாற்றும் பிழை ஒன்று. வெறும் வழக்கத்தை மீறும் பிழை இன்னொன்று. முதலாவதைப் பற்றிக் கவலைப்படுங்கள். இரண்டாவதை வைத்து ஒருவரை எடைபோடாதீர்கள்.

பொருளையும் பணத்தையும் மாற்றக்கூடியவை சிலவற்றைச் சொல்கிறேன்.

ஆங்கிலத்தின் மேற்காற்புள்ளி, அதாவது அப்பொஸ்ட்ரஃபி. "ரெனன்ட்" என்ற சொல்லில் எஸ் எழுத்துக்கு முன்னால் அது வந்தால் ஒரு வாடகையாளர். எஸ்ஸுக்குப் பின்னால் வந்தால் பலர். சேர்ந்து வீடு எடுக்கும் மூன்று நண்பர்களுக்கு, சேதத்துக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியில் இது சின்ன விஷயம் இல்லை.

இலக்கங்களுக்குள் வரும் காற்புள்ளி. ரொறன்ரோவில் 1,500 என்றால் ஆயிரத்து ஐந்நூறு. கியூபெக்கில் பிரெஞ்சு முறைப்படி காற்புள்ளிதான் தசமக் குறி. ஆயிரத்தைப் பிரிக்க இடைவெளி விடுவார்கள். மொன்றியலில் இருந்து வரும் விலைப்பட்டியலில் 1,500 என்று இருந்தால் அது ஒன்றரையாகவும் இருக்கலாம். சென்னையில் இருக்கும் சொந்தக்காரரோடு வியாபாரம் என்றால், அவர் ஓர் இலட்சத்தை 1,00,000 என்று எழுதுவார். நீங்கள் 100,000 என்று எழுதுவீர்கள். இரண்டும் ஒன்றுதான், ஆனால் அவசரத்தில் பார்க்கும் கண் ஒரு சைபரைத் தவறவிடும்.

திகதியில் வரும் சாய்கோடு. 03/04/2025 என்றால் இலங்கையில் படித்த உங்கள் மாமாவுக்கு ஏப்ரல் மூன்று. அமெரிக்க நிறுவனத்துக்கு மார்ச் நான்கு. கனடாவில் இரண்டு வழக்கமும் உண்டு. இலக்கத்தில் எழுதுவதானால் ஆண்டு-மாதம்-நாள் என்ற ஒழுங்கில், நடுவில் சிறுகோடு போட்டு எழுதச் சொல்கிறது கனடிய அரசின் பரிந்துரை. 2025-04-03. சண்டை முடிந்தது. அல்லது மாதத்தின் பெயரையே எழுதிவிடுங்கள்.

மேற்கோட்குறி. ஒரு சொல்லை அழுத்திச் சொல்வதற்காகச் சிலர் அதைப் போடுவார்கள். கடைக் கண்ணாடியில் "புதிய" மீன் என்று எழுதியிருந்தால், வாசிப்பவருக்கு அந்த மீனில் சந்தேகம் வரும். "உத்தரவாதம்" என்று உங்கள் விலைமதிப்பீட்டில் மேற்கோட்குறிக்குள் எழுதினாலும் அதே சந்தேகம்தான்.

இனி, பெரிதாக எடுக்கத் தேவையில்லாதவை. "அன்புள்ள திருமதி" என்பதற்குப் பின்னால் காற்புள்ளியா முக்காற்புள்ளியா என்பது வழக்கம் சார்ந்தது. வட அமெரிக்காவில் முறையான கடிதத்துக்கு முக்காற்புள்ளி, மின்னஞ்சலுக்குக் காற்புள்ளி பொருந்தும். மாறிப் போட்டால் வானம் இடிந்து விழாது. பட்டியலின் கடைசிக் காற்புள்ளியும் குழப்பம் இல்லாத இடத்தில் உங்கள் விருப்பம். ஒரு கடிதத்துக்குள் ஒரே மாதிரி எழுதினால் போதும்.

தலைமுறைக்குத் தலைமுறை குறிகளின் குணம் மாறுகிறது என்பதையும் கவனியுங்கள். பிங்காம்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், குறுஞ்செய்தியில் வரும் ஒற்றைச் சொல் பதில் முற்றுப்புள்ளியோடு முடிந்தால், மாணவர்கள் அது அவ்வளவு மனப்பூர்வமானதல்ல என்று உணர்ந்தார்கள். அதே பதிலைக் கையெழுத்தில் காட்டியபோது அந்த வித்தியாசம் இல்லை. நீங்கள் "சரி." என்று வந்தால் "என்ன கோபம்?" என்று நினைப்பீர்கள். உங்கள் மேலாளருக்கு அது வெறும் முற்றுப்புள்ளி. அதேபோல அம்மம்மா எல்லாச் செய்தியையும் மூன்று நான்கு புள்ளிகளோடு முடிப்பார்: "சாப்பிட்டாச்சோ....". அதில் மனத்தாங்கல் ஒன்றும் இல்லை. அவருக்கு அது மூச்சு விடும் இடம். வேலைத்தள மின்னஞ்சலில் முற்றுப்புள்ளி போடுங்கள். உணர்ச்சிக்குறி ஒன்று போதும், மூன்று வேண்டாம். அம்மம்மாவைத் திருத்த வேண்டாம்.

நாம் ஏன் இதைப் படிக்க வேண்டும்

"இந்த விதிகள் எல்லாம் குடிவரவாளர்களை வெளியே நிறுத்தும் கதவுகள்" என்று ஒரு வாதம் உண்டு. அதில் உண்மை இருக்கிறது. நல்ல வேலைக்காரர் ஒருவரின் விண்ணப்பம் ஒரு காற்புள்ளியால் குப்பைக்குள் போவது அநியாயம். நாளைக்கு நீங்கள் ஆட்களை வேலைக்கு எடுக்கும் இடத்தில் இருக்கும்போது, அதைச் செய்யாதீர்கள். இரண்டாவது மொழியில் எழுதும் ஒருவரின் சின்னப் பிழை அவரது அறிவைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

ஆனால் அந்த வாதம் அங்கேயே நின்றுவிட்டால் நமக்குத்தான் நட்டம். ஏனென்றால் நம் வீடுகளில் இன்னொரு விஷயம் நடக்கிறது. நம்மில் பலர் பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலேயே குடும்பத்தின் எழுதுவினைஞர் ஆனவர்கள். வங்கிக் கடிதம், காப்புறுதிப் படிவம், வாடகை ஒப்பந்தம், வருமான வரிக் கடிதம் எல்லாம் சமையலறை மேசைக்கு வரும். "இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லு" என்பார்கள். பிறகு "ஒரு பதில் எழுதிப் போடு" என்பார்கள். கையொப்பம் அவர்களுடையது. எழுத்து நம்முடையது. அந்தக் காகிதத்தின் மறுபக்கத்தில் இருப்பவர் வசனத்தைத் தனக்குச் சாதகமாக வாசிக்கச் சம்பளம் வாங்குபவராக இருக்கலாம்.

ரோஜர்ஸிடம் சட்டத்தரணிகள் இருந்தார்கள், நிபுணர் இருந்தார், பிரெஞ்சுப் பிரதியும் இருந்தது. உங்கள் அப்பாவிடம் நீங்கள்தான் இருக்கிறீர்கள்.

ஆகவே என்னுடைய வேண்டுகோள் சின்னது. காசு, திகதி, பொறுப்பு இந்த மூன்றில் ஒன்று வரும் எந்த வசனத்தையும் அனுப்புவதற்கு முன் வாய்விட்டு வாசியுங்கள். பிறகு, அதே வசனத்தை உங்களுக்கு எதிராக வாசிக்க முயற்சி செய்யுங்கள். அப்படி வாசிக்க முடிந்தால் காற்புள்ளியை இங்கும் அங்கும் நகர்த்திக்கொண்டு இருக்காதீர்கள். வசனத்தை இரண்டாக உடைத்துவிடுங்கள். பட்டியல் நீளமென்றால் ஒவ்வொன்றையும் தனி வரியில் எழுதுங்கள்.

வாசிக்கும்போதும் அதே கவனம் வேண்டும். கையொப்பம் போடச் சொல்லி ஒரு காகிதம் வந்தால், "ஒழிய", "தவிர", "அல்லது" போன்ற சொற்களின் ஆங்கில வடிவங்களைத் தேடுங்கள். அவற்றுக்கு முன்னால் காற்புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். நிபந்தனை எதைப் பிடிக்கிறது என்று கேளுங்கள். விளங்கவில்லை என்றால், கையொப்பத்துக்கு முன்னால் எழுத்தில் விளக்கம் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை. ரொறன்ரோவின் மிகப் பெரிய நிறுவனங்களில் ஒன்றுக்கே அந்த ஒரு காற்புள்ளியின் பொருள் தெளிவாக ஓராண்டுக்கு மேல் எடுத்தது.